பொட்டு வெச்ச பக்கம்

"உக்காருங்கம்மா, உள்ள ஒருத்தர் குரல் பாத்துக்கிட்டிருக்கார், முடிஞ்சதும் கூப்பிடுறேன்"னு சொல்லிட்டு நிஜாம் பாய் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கிட்டார், நான் ஸ்டூல்ல உக்காந்துட்டேன், மடியில ஒயர் கூடை, கூடைக்குள்ள பூத்துண்டு சுத்தின மைக்கு. குரல் பாக்குறாராம். பொண்ணு பாக்குறது தெரியும், வீடு பாக்குறது தெரியும், இந்த ரிச்சி தெரு மைக்குக் கடையில குரலும் பாக்குறாங்க. எதிர்ச் சுவர் பூரா மைக்கு. குண்டா ஒண்ணு, ஒல்லியா ஒண்ணு, பவுடர் டப்பா மாதிரி ஒண்ணு, பாவக்கா மாதிரி ஒண்ணு, எல்லாம் கம்பியில கழுத்தை நீட்டிக்கிட்டு என்னையே பாக்குது. என்னம்மா மங்கையர்க்கரசி, ஒரு வார்த்தை பேசேன் கேப்போம்ங்குது. பேச மாட்டேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும், அதான் பேச மாட்டேன். வீட்டுல கயல் சொல்லுவா, அம்மா உன் குரல் அப்படியேதான் இருக்குன்னு. அவ நான் பெத்த பொண்ணு, என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவா. மைக்குக்கு யார் மனசைப் பத்தி என்ன கவலை, உள்ளதைச் சொல்லும். காலமெல்லாம் டப்பிங் பேசின எனக்கு இது தெரியாதா. கை பாரு, தானா கழுத்துக்குப் போகுது. செயினுக்கு அடியில தழும்பு, பென்சில்ல கோடு போட்ட மாதிரி. தைராய்டு கட்டி எடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர் பேப்பர்ல படம் போட்டுக் காட்டினார், கட்டி இங்க இருக்கு, குரல் நரம்பு அதை ஒட்டினாப்லயே போகுது, பாத்துப் பண்றோம்மான்னார். பாத்து. பால் பொங்குது பாத்துக்கோம்பாங்க, பாசி இருக்கு பாத்து நடம்பாங்க, சில்லறை பாத்துக் குடும்பாங்க, அதே பாத்துதானா இதுவும்? மயக்க ஊசி போடுற வரைக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சப்பிக்கிட்டே இருந்தேன், மிட்டாய் மாதிரி. கண்ணு முழிச்சதும் நர்ஸ் பொண்ணு பேர் சொல்லுங்கம்மாங்குது, நான் சொல்றேன், காத்துதான் வருது, குக்கர் ஆறும்போது கடைசியா வருமே ஆவி, அது மாதிரி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு, வரலேன்னு சொல்ல முடியாது, பால்காரர்கிட்டப் பேசினேன், போன்ல பேசினேன், பேத்தியை அதட்டினேன், எல்லாம் நடந்துச்சு. ஆனா அதட்டுறதுக்கு வந்த குரல் மைக்குக்கு வருமா, அது வேற கணக்கு.

தலைக்கு மேல ஸ்பீக்கர் திடீர்னு பேசுச்சு பாரு, தூக்கிவாரிப் போட்டுது. "சோபா தச்சுத் தரணுமாம்மா, நாற்காலி ஆடுதாம்மா, மெத்தையில பள்ளமா இருக்காம்மா, வெளிய வந்து பாருங்கம்மா, வண்டி வாசல்ல நிக்குதும்மா." அட! இந்த ஆளா! எங்க சாலிகிராமம் தெருவுல மத்தியானமானா ஒரு குட்டியானை வண்டி ஊர்ந்துகிட்டே போகும், அதுல ரெக்கார்டு பண்ணி ஓட விடுற குரல், ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு இழுப்பு. நான் கண்ணை மூடினா போதும், அம்மாம்மாம்பான். மனசுக்குள்ள அந்த ஆளுக்கு ஒரு உருவம் கொடுத்து வெச்சிருந்தேன், தொந்தி, முறுக்கு மீசை, கழுத்துல துண்டு. கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா ஒல்லியா ஒருத்தர், கட்டம் போட்ட சட்டை, கையில ஹெல்மெட்டு, ஹெட்போனுக்குள்ள முகமே முழுகிப் போச்சு. குரல் ஒண்ணு, ஆள் ஒண்ணு. எனக்கும் அப்படித்தானே. ஒரு சீரியல்ல மாமியாருக்குக் குரல் கொடுத்தேன், பெரிய கொடுமைக்காரி, மருமக சோத்துல கல்லைக் கலக்குவா. வடபழனி கோயில் வரிசையில நின்னுகிட்டு, கொஞ்சம் குங்குமம் கொடுங்கன்னு தான் சொன்னேன், முன்னாடி நின்ன அம்மா வெடுக்குனு திரும்பிச்சு. என்னை மேலும் கீழும் பாத்துச்சு. நீதானா அந்தக் கொடுமைக்காரின்னுச்சு. ஐயோ முகம் நான் இல்லம்மா, குரல் மட்டும்தான்னேன், குரல்லதானே நீ அத்தனையும் பண்ணினேன்னு சன்னிதியிலேயே வெச்சு சாபம் விட்டுது. முகம் கொடுத்த நடிகை கார்ல போனாங்க, அவங்களுக்கு வந்த சாபம் பூரா பஸ்ல போன எனக்கு விழுந்துச்சு. அன்னிக்கு அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தேன், ஆனா நெஜத்தைச் சொன்னா உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்தான், யாரோ ஒருத்தி என் குரலைக் கண்டுபிடிச்சுட்டாளே. பேர் போட மாட்டாங்க எங்களுக்கு. போட்டாலும் கடைசியில ஓடும், யார் நின்னு படிக்கிறா.

அதான் இந்த வேலை வந்ததும் அப்படி ஆடிப்போனேன். செல்போன்ல கதை கேக்குற கம்பெனி, ஷெரின்னு ஒரு பொண்ணு பேசினா, ஆன்ட்டி, ஒரு முழுத் தொடர்கதை, நீங்க ஒருத்தரே படிக்கணும், அப்பா குரல் அம்மா குரல் எல்லாம் நீங்கதான், ஒவ்வொரு அத்தியாயம் ஆரம்பிக்கும்போதும் வாசிப்பது மங்கையர்க்கரசின்னு நீங்களே சொல்லிட்டு ஆரம்பிக்கணும்னா. நானே. என் பேரை. என் வாயால. கொஞ்சம் இரும்மான்னு போனைக் கவுத்து வெச்சுட்டு முகம் கழுவிக்கிட்டு வந்தேன். ஸ்டுடியோவுக்கு வர வேணாம், வீட்டுலயே பேசி அனுப்புங்கன்னா, இப்ப எல்லாரும் அப்படித்தானாம். கயல்தான் இந்த மைக்கை வாங்கிக் கொடுத்தா, லேப்டாப்புல சொருகிப் பட்டனைக் காட்டிக் கொடுத்துட்டு வேலைக்கு ஓடிட்டா. எதிரொலி வராம இருக்கத் துணி அலமாரியைத் திறந்து, பட்டுப்புடவைக்கு நடுவுல மைக்கை வெச்சு, தலையை உள்ள விட்டுக்கிட்டுப் பேசினேன். பேத்தி பாத்துட்டு, பாட்டி பட்டுப்புடவைக்குக் கதை சொல்றாங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கு. மைக்கு வந்த வாரமே ஆயுத பூஜை. தையல் மிஷினுக்குப் பொட்டு, அருவாமனைக்குப் பொட்டு, கயலோட ஸ்கூட்டருக்குப் பொட்டு, சோறு போடுற மைக்குக்கு இல்லாமலா? கம்பெனி முத்திரை தங்கக் கலர்ல மினுக்குன பக்கமா லட்சணமா சந்தனத்தைத் தடவி நடுவுல குங்குமம் வெச்சேன். அது நல்லாப் புடிச்சுக்கிச்சு, நானும் துடைக்கல, பூஜைப் பொட்டை யாராவது துடைப்பாங்களா. அப்புறம் பேசலாம்னு உக்காந்தா, பொட்டு நேரா என் வாயைப் பாக்குது. ப-ன்னா தெறிக்கும், ஃப-ன்னா இன்னும் தெறிக்கும், எல்லாம் எச்சில். சாமிப் பொட்டு மேல எச்சில் படலாமா? மெல்லத் திருப்பி வெச்சுட்டேன், பொட்டு புடவையைப் பாக்க, மொழுக்குன்னு இருந்த பக்கம் என்னைப் பாக்க. ரெண்டு பக்கமும் ஒரே கம்பி வலைதானே. உருகி உருகி ஒரு அத்தியாயம் பேசி அனுப்பினேன்.

ஷெரின் பதில் போட்டா. கதை சொல்ற விதம் சூப்பர் ஆன்ட்டி, ஆனா குரல் ரொம்பத் தள்ளிக் கேக்குது, பக்கத்து வீட்டுல யாரோ பேசுற மாதிரி இருக்கு, உடம்பு சரியானதும் இன்னொரு தடவை அனுப்புங்க. உடம்பு சரியானதும். நான் சொல்லவே இல்லியே! ஆபரேஷன்னு ஒரு வார்த்தை அவகிட்ட விடலியே! என் குரலே போய்ச் சொல்லிடுச்சா? அப்பதான் நானும் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன், அதுவரைக்கும் கேக்க தைரியம் இல்ல. கிணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிடுற மாதிரி. சதையே இல்லாத குரல், நெழல் மாதிரி. மிளகுப்பால் குடிச்சேன், பனங்கல்கண்டு, சித்தரத்தை, கிட்டப் போய்ப் பேசினேன், கத்திப் பேசினேன், கத்தினா கிணத்துக்குள்ள இருந்து கத்துற மாதிரி வந்துச்சு, அவ்வளவுதான். நாளைக்குள்ள அனுப்பணும், இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குறேன் ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்கன்னா. தப்பா நினைக்க என்ன இருக்கு. அதான் கயல்கிட்ட பிளவுஸ் துணி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்திருக்கேன். பழசைக் கொடுத்துட்டு நல்லதா ஒண்ணு மாத்திக்குறது. நல்ல மைக்குலயும் இதே கிணறு கேட்டுச்சுன்னா? அப்ப முடிஞ்சுது. ஷெரினுக்கு முடியலம்மான்னு ஒரு வரி அனுப்பிட்டு, வாயை மூடிக்கிட்டு வீட்டுல உக்காந்துட வேண்டியதுதான். நானா? வாயை மூடிக்கிட்டா? கயல் நம்பவே மாட்டா.

ஏசி வேற சரியா முதுகுல அடிக்குது. ஸ்டுடியோவுலயும் இப்படித்தான் நடுங்கும், சால்வை கொண்டு போவேன். அங்க நான் மைக்கைத் தொட்டதே இல்ல. தொட விட மாட்டார் வர்கீஸ் சார், சவுண்ட் இன்ஜினியர், பாலக்காட்டுக்காரர். அவரே வருவார், ஸ்டாண்டை ஏத்துவார், எறக்குவார், என் மோவாய்க்கும் மைக்குக்கும் நடுவுல கையை நீட்டி சாண் வெச்சுப் பாப்பார், இந்த எடத்தை விட்டு அசையாதேம்பார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிடுவார். மைக்கு எப்படி நிக்குது, எங்க பாக்குதுன்னு நான் பாத்ததே கிடையாது, ஸ்க்ரீனைப் பாப்பேன், அதுல பேசுற பொம்பளை வாயைப் பாப்பேன். அப்புறம் ஸ்பீக்கர்ல அவர் கேப்பார், "மங்கை, காலையில எந்தா கழிச்சே?" என்ன சாப்பிட்டேன்னு அர்த்தம். குரல் எவ்வளவு சத்தமா ஏறுதுன்னு லெவல் பாக்குறதுக்கு. சும்மா பேசுன்னா எல்லாரும் மேடைப் பேச்சுக் குரல்ல பேசுவாங்க, சாப்பாட்டைக் கேட்டா மட்டும்தான் மனுஷக் குரல் வரும்பார். நான் எப்பவும் ஒரே பதில், இட்லி, தேங்கா சட்னி. சாப்பிட்டாலும் அதுதான், சாப்பிடலேன்னாலும் அதுதான். கயல் வயித்துல இருந்தப்ப ஒரு நாள், தண்ணி கூட எறங்கல, வாந்தி, இட்லி தேங்கா சட்னின்னேன். உடனே வர்கீஸ் சார் சொன்னார், நுண சொல்லுது உன் குரல், பொய் சொல்லுது, போய் ஏதாச்சும் தின்னுட்டு வா, அப்புறம்தான் லெவல் வெப்பேன். இருபது பேர் காத்துக்கிட்டிருந்தாங்க, ஹீரோவுக்குக் குரல் கொடுக்குறவர் உட்பட. நான் கேன்டீன்ல தயிர் சாதம் தின்னேன். அன்னிக்குப் பேச வேண்டியது ஒரு அலறல். அலறலுக்கு அப்பல்லாம் என்னைத்தான் கூப்பிடுவாங்க, அலறல் மங்கைன்னே பேரு. பஸ்ல ஒருத்தன் என் செயின்ல கை வெச்சப்ப ஒண்ணு விட்டேன் பாரு, திருடன் ஓடல, கண்டக்டர் குதிச்சு ஓடிட்டார். அந்த அலறலும் இந்தக் கழுத்து வழியாத்தான் வந்துச்சு, அந்த நரம்பு வழியாத்தான்.

கதவு திறந்துச்சு. சோபாக்காரர் வெளிய வந்துட்டார். "பாய், இதுல நான் ரொம்ப நல்லவன் மாதிரி கேக்குறேன். இவ்வளவு நல்லவனை நம்பி யாரு சோபாவை வெளிய எடுத்துட்டு வருவா? கொஞ்சம் கரகரன்னு வர மாதிரி காட்டுங்க"ங்குறார். "கரகரன்னு வேணும்னா ரெண்டு நாள் ஐஸ் தண்ணி குடிச்சுட்டு வாங்க தனபால், அதை நான் டப்பாவுல போட்டு விக்க முடியாது. நீங்க வாங்கம்மா." எந்திரிச்சேன், முட்டி மடக்குனு ஒரு சத்தம் போட்டுச்சு, அது நல்லாத்தான் கேட்டுச்சு, முட்டியோட குரலுக்கு ஒண்ணும் ஆகல. நிஜாம் பாய் வரிசையா எடுத்து வெக்கிறார். இது ஊசி விழுந்தாலும் புடிக்கும்மா, அமைதியான ரூம் வேணும். இது அப்படி இல்ல, வாயைப் பக்கத்துல வெச்சுப் பேசினாத்தான் கேக்கும், வெளிச் சத்தத்தை விட்டுடும். "உங்க தெருவுல சத்தம் எப்படிம்மா?" "பெரிய சத்தம்னா இதோ நிக்கிறாரே இவர் சத்தம்தான்"னேன். தனபால் சிரிச்சுட்டார். "எந்தத் தெருக்கா? சொல்லுங்க, நீங்க பேசுற நேரத்துக்கு டிரைவரை வால்யூமைக் கொறைக்கச் சொல்றேன்." "வேணாம்ப்பா, உன் அம்மாம்மாவுக்குத்தான் நான் தூங்குறதே." பேச்சு பேச்சா இருக்கு, ஆனா எந்த மைக்குக்கு முன்னாடியும் வாயைக் கொண்டு போகாம தள்ளித் தள்ளி நிக்கிறேன். பாயும் கவனிச்சார் போல. "சரி, மாத்திக்கலாம்னீங்களே, பழசைக் காட்டுங்க"ன்னார். கூடையில கை விட்டேன், துண்டைப் பிரிச்சேன்.

"அட, மைக்குக்குப் பொட்டு!" பாய் அதைக் கையில வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தார். "ஆயுத பூஜை முடிஞ்சு நிறைய வரும்மா நம்ம கடைக்கு, சில பேர் மண்டையில வெப்பாங்க, வலைக்குள்ள சந்தனம் போய் அடைச்சுக்கும். நீங்க அழகா முகம் பாத்து வெச்சிருக்கீங்க." என்னது? "முகமா?"ன்னேன். "ஆமாம்மா, முத்திரை இருக்குற பக்கம்தானே இதுக்கு முகம். நீங்க பேசுற பக்கம்." பேசுற பக்கம். பொட்டு வெச்ச பக்கம், பேசுற பக்கம். புடவையைப் பாத்துக்கிட்டு இருந்த பக்கம். "அப்ப, பாய், பொட்டு இல்லாத பக்கம்?" "அது முதுகும்மா. அங்க பேசினா புடிக்காது, பின்னாடி வர்ற சத்தம் வேணாம்னுதானே இப்படிச் செய்யுறாங்க." பவுடர் டப்பா, பாவக்கா, சுவர்ல இருக்குற அத்தனையும் என்னைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. "நான் முதுகுலதான் பேசினேன்"னேன். "எச்சில் பொட்டு மேல பட்டுடக் கூடாதேன்னு திருப்பி வெச்சேன்." தனபால் முதல்ல சிரிக்காம அடக்கிப் பாத்தார், முடியல. "ஏன்க்கா, கோவிச்சுக்கிட்டுப் படுத்த பொண்டாட்டி முதுகுகிட்டப் பேசுற மாதிரி பேசியிருக்கீங்களே! அது எப்படிக் காதுல வாங்கும்?" நானும் சிரிச்சேன். பட்டுப்புடவைக்குத்தான் உண்மையிலேயே கதை சொல்லியிருக்கேன், அந்தக் குட்டி சரியாத்தான் சொல்லிச்சு. ஆனா சிரிச்சு முடிக்கும்போது பயம் வந்துச்சு பாரு, இவ்வளவு நாள் இருந்ததை விடப் பெருசா. இவ்வளவு நாள் குரல் போச்சுன்னு முடிவு கட்டியிருந்தேன், முடிவு கட்டினதுல ஒரு நிம்மதி, அழுது முடிச்ச வீடு மாதிரி. இப்ப ஒருவேளைன்னு ஒரு கதவு திறந்துடுச்சு. முகத்தைப் பாத்துப் பேசினப்புறமும் கிணறு கேட்டா, திருப்பி வெக்க இன்னொரு பக்கம் இல்லியே.

"இதையே போடுங்க பாய்"ன்னேன். கண்ணாடி அறைக்குள்ள போய் உக்காந்தேன், சுவர் பூரா கறுப்பு நுரை, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமும். கதவை மூடினதும் உலகம் அப்படியே அணைஞ்சு போச்சு, என் மூச்சு எனக்குக் கேக்குது, எச்சில் முழுங்குறது கேக்குது. பாய் பொட்டை என் பக்கம் திருப்பி வெச்சுட்டுப் போயிருக்கார். பாத்தேன். அது என்னைப் பாக்குது. இவ்வளவு நாள் இதுதானா என்கிட்ட முகம் காட்டக் காத்துக்கிட்டு இருந்தது. ஹெட்போனை மாட்டினேன், கம்மல் உறுத்துச்சு, சரி பண்ணினேன், சரியாத்தான் இருந்துச்சு, மறுபடியும் சரி பண்ணினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாய் என்னமோ பட்டனைத் தொட்டார், காதுக்குள்ள அவர் குரல் வந்துச்சு. "லெவல் பாக்கணும்மா, எதையாச்சும் பேசுங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?" ஐயோ, இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது! உலகத்துல இருக்குற சவுண்டுக்காரங்க எல்லாரும் ஒரே எடத்துல படிச்சுட்டு வருவாங்களா? இட்லின்னு சொல்ல வாய் போயிடுச்சு, இ-ன்னு உதடு இழுத்துடுச்சு. எதிர்ல பொட்டு. அந்தப் பக்கம் வர்கீஸ் சார் இருந்தா கண்டுபிடிச்சுடுவார். "ஒண்ணும் சாப்பிடல பாய்"ன்னேன். "பயத்துல எறங்கல."

வந்துச்சு. காதுக்குப் பக்கத்துல. பக்கத்துலன்னா, தோள்ல சாஞ்சுக்கிட்டு ஒருத்தி பேசுற மாதிரி. ச-வுல சத்து இருக்கு, ப-வுல உதடு இருக்கு, பயத்துலன்னு சொன்னப்ப அந்தப் பயம் கூட கேட்டுச்சு. நான்தான். கழுத்துல கை வெச்சுக்கிட்டே மறுபடி சொன்னேன், ஒண்ணும் சாப்பிடல. அடியில ஒரு சின்னக் கரகரப்பு இருக்கு, முன்னாடி இல்லாதது, வறுத்த ரவை மாதிரி, அதை அந்த ஆபரேஷன் கத்தி வெச்சுட்டுப் போயிருக்கு. மேல ஏத்திப் பாத்தேன், அலறலுக்கு ஆரம்பிப்பேனே அந்த எடம், ஏறல, நடுவழியில நின்னுக்கிச்சு. சரி. அலறல் போச்சு. போகட்டும், எத்தனை பொம்பளைக்காக அலறியாச்சு, இனிமே அவங்கவங்க அலறிக்கட்டும். கதை சொல்ல இது போதும். இது போதும்னா, இதுதான் வேணும். டாக்டர் பாத்துத்தான் பண்ணியிருக்கார். மனுஷன் சொன்ன பாத்து நெஜமான பாத்துதான், நான்தான் பாக்கல. கண்ணுல தண்ணி வந்து ஹெட்போன் பஞ்சுல எறங்குது. வெளிய தனபால் என்னமோ கேக்குறார், பாய் பட்டனை அழுத்தி வெச்சிருந்ததால எனக்கும் கேட்டுச்சு, "பாய், இந்தக் கரகரப்புதான் நான் கேட்டது, இது எந்த மைக்கு?" பாய் அவரைப் பாக்கவே இல்ல. "அது மைக்கு இல்லப்பா. அம்மாது"ன்னார்.

"மாத்த வேணாம் பாய்"னு மைக்குலயே சொன்னேன். "எச்சில் படாம முன்னாடி மாட்டுற வலை ஒண்ணு இருக்குமே, ஸ்டுடியோவுல பாத்திருக்கேன், அதை மட்டும் கொடுங்க." இருக்கும்மா, தரேன், லெவல் வந்துடுச்சு, கழட்டிட்டு வாங்கன்னார். கழட்டல. இன்னிக்கே வீட்டுக்குப் போய் அலமாரிக்குள்ள தலையை விட்டு, வாசிப்பது மங்கையர்க்கரசின்னு ஆரம்பிச்சு அனுப்பிடணும், பிளவுஸ் துணி வேற வாங்கணும், இல்லேன்னா கயல் கேப்பா. ஆனா வயிறு என்னமோ சொல்லுது. காலையில இருந்து அது இருக்குறதே மறந்து போச்சு, இப்ப அந்தச் சத்தம் கூட மைக்குல விழுந்துச்சு போல, பாய் சிரிக்கிறார். "என்னம்மா, இன்னும் ஏதாச்சும் பேசிப் பாக்கணுமா?" "இட்லி"ன்னேன். ட்-டும் ல-வும் தனித்தனியா விழுந்துச்சு. "தேங்கா சட்னி"ன்னேன். "பாய், பக்கத்துல எங்க கிடைக்கும்?" எதிர்லயே இருக்கும்மான்னார். "வடை ஒண்ணு"ன்னேன். அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருந்தேன், அடியில இருந்த கரகரப்போட, பக்கத்துல, பொட்டுக்கு நேரா. "இல்ல"ன்னேன், "ரெண்டு."